கிடுகுக் கொட்டிலில் வளர்ந்த ஏ.வி.எம்.

வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ஏ.வி.எம். என்பது ஒரு கம்பனியின் பெயராகத் தெரிவதற்கு முன்னரே ஒரு சத்தமாகத் தெரியும். படம் தொடங்குவதற்கு முன்னர் திரையில் அந்த மூன்று எழுத்துகளும் அவற்றோடு ஒரு இசையும் வரும். அந்த இசை கேட்டால் ஜெனறேற்றர் சரியாக ஓடுகிறது, படக்கொப்பி பழுதில்லை, இனிப் படம் பார்க்கலாம் என்று அர்த்தம். அவ்வளவு நேரமும் மண்ணில் உருண்டு விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் ரீவிக்கு முன்னால் ஓடி வந்து இடம் பிடிப்பார்கள்.

அந்த மூன்று எழுத்துகளின் வரலாற்றைப் பின்னாளில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோடம்பாக்கம் என்றால் பெரிய மதில், பெரிய கேற், பணக்காரர்களின் இடம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஸ்ரூடியோவின் தொடக்கம் போர்க்காலத் தட்டுப்பாட்டோடும் இடம்மாறலோடும் மின்சாரம் இல்லாத ஊரோடும் கலந்திருக்கிறது. இந்தக் கதையை எங்கள் வாசகர்கள் கொஞ்சம் வேறு கண்ணால் வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஏ.வி.மெய்யப்பன் 1907ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி காரைக்குடியில் ஒரு நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர். நகரத்தார் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். கொழும்புச் செட்டியார் தெருவும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கதிரேசன் கோவில்களும் அவர்களை நினைவூட்டும். மெய்யப்பனின் தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ஏ.வி. அன்ட் சன்ஸ் என்ற கடையை நடத்தினார். அங்கே கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்றார்கள். மகன் அந்தக் கடையில் நின்றுதான் தொழில் பழகினார். எந்தத் தட்டு விலைப்படுகிறது, எந்தப் பாட்டைச் சனம் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்பதை அவர் முதலில் கவனித்தது அங்கேதான். பிறகு சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடியன் என்ற பெயரில் வந்த இசைத்தட்டுகளை அவர்கள் விற்றார்கள்.

ஏ.வி.எம். படங்களில் கடைசிவரை பாட்டுக்கு இருந்த இடத்துக்குக் காரணம் இந்தத் தட்டுக்கடைதான் என்பது என் கருத்து. அவர் சினிமாவுக்குள் வந்தது காதால்.

பேசும்படம் வந்தவுடன் அவரும் படம் எடுக்க இறங்கினார். 1935இல் வந்த அல்லி அர்ஜுனா தோல்வி. அதே ஆண்டில் வந்த ரத்னாவளியும் தோல்வி. இரண்டு படங்களில் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவர் கடைக்குத் திரும்பிப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. பெங்களூரில் தியேட்டர் தொழில் செய்த ஜெயந்திலால் என்பவரோடு சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்.

1938இல் வந்த நந்தகுமார் படத்தை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் நடிப்பவர்தான் பாட வேண்டும். அதுவும் கமராவுக்கு முன்னால், நடித்துக்கொண்டே. வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். ஒருவர் இருமினால் முழுப் பாட்டையும் மறுபடி எடுக்க வேண்டும். குரல் நல்லாக இருப்பவருக்கு நடிப்பு வராது, நடிப்பு வருபவருக்குக் குரல் இராது. நந்தகுமாரில் தேவகியாக நடித்தவருக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். தமிழில் பின்னணிப் பாடல் தொடங்கியது இந்தப் படத்தில்தான் என்று சினிமா வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்கள். ரி.ஆர்.மகாலிங்கம் சிறுவனாக அறிமுகமானதும் இதில்தான். அதற்குப் பிறகு 1941இல் சபாபதி வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைப் படமாக்கினார்கள். ரி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் முதலாளியும் வேலைக்காரனுமாக அடிக்கும் கூத்தை இன்றைக்குப் போட்டாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பிறகு போர் நெருங்கியது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9ஆம் திகதி திருகோணமலையில் போட்டன. அதே மாதம் சென்னையிலும் பயம் பிடித்து, அரசாங்க அலுவலகங்களையே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். சனம் மூட்டைகளோடு ரயில்களில் ஏறியது. படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள் என்பதால் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அதற்கு முன்னர் மூன்றரை மணித்தியாலம் ஓடிய தமிழ்ப்படங்கள் இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருங்கியது இதனால்தான்.

தட்டுப்பாட்டில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மெய்யப்பன் சமாளித்த விதத்தைப் பாருங்கள். 1943இல் கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திரா படத்தை அடுத்த ஆண்டு தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். நடிகர்களின் வாயசைவுக்கு ஏற்றபடி தமிழ் வசனம் எழுதி, வேறு ஆட்களைக் கொண்டு பேசவைத்து, பழைய ஒலியை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பது. இன்று இதை டப்பிங் என்கிறோம். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு இப்படி மாற்றிய முதற்படம் இதுதான் என்று சொல்கிறார்கள். 1945இல் ஸ்ரீவள்ளி வந்தபோது இதே வித்தை வேறு விதமாக உதவியது. கதாநாயகி குமாரி ருக்மணியின் நடிப்புப் பிடித்திருந்தாலும் அவருடைய பாட்டு எடுபடவில்லை. முழுப்படத்தையும் மறுபடி எடுக்கப் பணமும் இல்லை, சுருளும் இல்லை. எனவே பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, எடுத்து முடித்த படத்தின் வாயசைவில் அந்தக் குரலை ஒட்டினார்கள். படம் ஓடு ஓடு என்று ஓடியது.

ஸ்ரீவள்ளி தந்த துணிவில் 1945 ஒக்ரோபர் 14ஆம் திகதி ஏ.வி.எம். புறடக்‌ஷன்ஸ் பிறந்தது. சொந்தப் பெயரில் ஒரு நிறுவனம். ஆனால் ஸ்ரூடியோ கட்ட வழி இல்லை. போர் முடிந்திருந்தாலும் தட்டுப்பாடு முடியவில்லை. சென்னையில் புதிய கட்டடத்துக்கும் மின்சாரத்துக்கும் அனுமதி எடுப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அவர் என்ன செய்தார் என்றால், தொழிலைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கே போய்விட்டார். காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்தார். கீற்றுக் கொட்டகைகள் போட்டார். எங்கள் பாசையில் கிடுகுக் கொட்டில். நடிகர்களும் தொழிலாளர்களும் அங்கேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வேலை செய்தார்கள்.

அந்தக் கொட்டிலில் எடுத்த நாம் இருவர் 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர் வெளிவந்தது. ப.நீலகண்டன் எழுதிய நாடகம் அது. பாரதியார் பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாட, பேபி கமலா ஆடினார். இங்கே ஒரு விசயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பன் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். மற்றவர்கள் பயன்படுத்தப் போனபோது சண்டையும் வந்தது. பாரதியை ஒருவர் சொந்தமாக வைத்திருக்கலாமா என்று தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 1949இல் அந்த உரிமையைப் பணம் எதுவும் வாங்காமல் சென்னை மாகாண அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். அதை அவருடைய பெருந்தன்மை என்று பலர் எழுதுகிறார்கள். எதிர்ப்பும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். எப்படியோ, எங்கள் பள்ளிக்கூட மேடைகளில் ஒருவரிடமும் கேட்காமல் பாரதி பாட்டுக்கு ஆட முடிந்ததற்கு அந்தக் கொடுக்கலும் ஒரு தொடக்கம்.

1948இல் காரைக்குடியைவிட்டு மறுபடி சென்னைக்கு வந்து கோடம்பாக்கத்தில் நிலையாக அமர்ந்தார்கள். 1949இல் வந்த வாழ்க்கை படத்தில் வைஜயந்திமாலா அறிமுகமானார். அதையே தெலுங்கிலும் ஹிந்தியிலும் எடுத்தார்கள். ஒரே கதையைப் பல மொழிகளில் விற்கும் இந்த முறை அந்த ஸ்ரூடியோவுக்குச் சோறு போட்டது.

இனிப் பராசக்தி. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் படம்தான்.

1952 ஒக்ரோபர் 17ஆம் திகதி தீபாவளிக்கு வந்தது. வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியாரின் நேஷனல் பிக்சர்ஸும் ஏ.வி.எம்.மும் சேர்ந்து எடுத்த படம். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்துக்கு மு.கருணாநிதி திரைக்கதை வசனம் எழுதினார். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். ஒல்லியாக இருந்த புதுமுகம் கணேசனை மாற்றிவிடலாம் என்று மெய்யப்பன் நினைத்ததும், பெருமாள் முதலியார் விடாப்பிடியாக நின்று சிவாஜியைக் காப்பாற்றியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிவாஜி கமராவுக்கு முன்னால் முதற்சொல் பேசிய இடத்தில் இன்றும் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது.

பராசக்தி என்றதும் எல்லாரும் கோவில் காட்சியையும் நீதிமன்ற வசனத்தையும்தான் பேசுவார்கள். நாங்களும் பேசினோம். பள்ளிக்கூடத்தில் அந்த வசனத்தை ஒப்புவிக்காத ஒரு பொடியன் இருந்தானா? ஆனால் அந்தப் படம் உண்மையில் யாருடைய கதை? போரால் சிதறிய ஒரு குடும்பத்தின் கதை. மூன்று அண்ணன்மார் ரங்கூனில், தங்கை கல்யாணி மதுரையில். போர் வருகிறது. கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மற்ற இருவரும் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்து வருகிறார்கள். வழியில் குண்டுவீச்சில் ஒரு அண்ணன் பிரிந்துபோகிறான், காலை இழக்கிறான், பிச்சைக்காரர்களோடு சேர்ந்து அவர்களுக்காக ஒரு சங்கம் கட்டுகிறான். கணவனையும் தகப்பனையும் இழந்த தங்கை கைக்குழந்தையோடு தெருவுக்கு வருகிறாள். உதவி கேட்டுப் போகும் இடத்தில் சொந்த அண்ணனே அவளை அடையாளம் தெரியாமல் விரட்டுகிறான்.

இது கற்பனைக் கதை மட்டும் இல்லை. 1942இல் பல லட்சம் இந்தியர் பர்மாவிலிருந்து கால்நடையாக வெளியேறினார்கள். வழியில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் பல ஆயிரம். நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்து பெருமளவு வயல்நிலங்களையும் வைத்திருந்தவர்கள். அந்தச் சொத்தின் பெரும்பகுதி அங்கேயே போனது. அப்படித் திரும்பி வந்த குடும்பங்கள் பல இருந்த செட்டிநாட்டில்தான் அந்தக் கிடுகுக் கொட்டில் ஸ்ரூடியோவும் இருந்தது.

கொழும்பு மைலன் தியேட்டரில் பராசக்தி ஏறத்தாழ 40 வாரம் ஓடியதாகப் பதிவு இருக்கிறது. அந்தப் படத்தை அன்று பார்த்த எங்கள் தாத்தாமார் அதை வேறு நாட்டுச் சனத்தின் கதையாகத்தான் பார்த்திருப்பார்கள்.

என் அப்பா விசுவமடுவில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு விட்டவர். 1990களில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. பெற்றோல் கொஞ்சமாக விட்டு ஜெனறேற்றரை ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகை கண்ணை எரிக்கும். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோவில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் சைக்கிள் கரியரில் ரீவியைக் கட்டிக்கொண்டு போவோம். என்னென்ன படக்கொப்பி இருக்கிறது, யார் எதை எடுத்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பார். சர்வர் சுந்தரம், அன்பே வா, களத்தூர் கண்ணம்மா, முரட்டுக்காளை எல்லாம் அதில் இருந்தன. பராசக்திக்குக் கிராக்கி குறைவு. "அழுகைப் படம் வேண்டாம் அண்ணை, சிரிக்கிற படமாய்த் தாங்கோ" என்பார்கள்.

2009 ஜனவரி முடிவில் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது ரீவியைக் கிடங்கு வெட்டித் தாட்டோம். படக்கொப்பிகளை உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். தேவிபுரத்தில் பாதியை இறக்கிவிட வேண்டி வந்தது. மிச்சம் எங்கே விடுபட்டது என்று ஒருவருக்கும் நினைவில்லை. அப்பாவின் கொப்பியும் அதோடு போனது.

மெனிக்பாம் முடிந்து மீள்குடியேறிய பிறகு, தறப்பாள் வீட்டில் ஒரு இரவு பராசக்தி போட்டோம். இம்முறை சீடியில். பக்கத்துக் காணியில் இருந்த ஐயா ஒருவர் வந்திருந்தார், ஷெல்லில் ஒரு காலை இழந்தவர். எஸ்.எஸ்.ராஜேந்திரன் ஊன்றுகோலோடு வரும் இடத்தில் அவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, இது எங்கட கதையெல்லே." கல்யாணி குழந்தையை ஆற்றில் எறியும் காட்சிக்கு முன்னரே அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

போரை ஏ.வி.எம். இன்னொரு முறையும் தொட்டது. 1954இல் எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்த நாள். 1943 ஒக்ரோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நாளில் நடக்கும் ஒரு கொலை. ஒவ்வொருவரும் நடந்ததை ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். பாட்டே இல்லாத தமிழ்ப்படம் அது. தட்டுக்கடைக்காரர் ஒருவர் அதற்குச் சம்மதித்தது எனக்கு இன்றும் வியப்பு.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1960இல் களத்தூர் கண்ணம்மாவில் கமலஹாசன் குழந்தையாக வந்தார். 1979 ஓகஸ்டில் மெய்யப்பன் காலமானார். சரவணன் முதலான மகன்மார் தொழிலைக் கையில் எடுத்தார்கள். 1980இல் ரஜினியின் முரட்டுக்காளை, 1986இல் விசுவின் சம்சாரம் அது மின்சாரம், 2007இல் சிவாஜி. எல்லா மொழிகளிலுமாக 170க்கும் மேற்பட்ட படங்கள்.

அதே காலத்தில் எழும்பிய மற்ற ஸ்ரூடியோக்களுக்கு என்ன நடந்தது? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. ஜெமினி ஒரு மேம்பாலத்தின் பெயராகிவிட்டது. விஜயா–வாகினி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் கடைத்தொகுதியும். தொழில் மாறியது, நிலத்தின் விலை ஏறியது, உரிமையாளர்கள் விற்றார்கள். ஏ.வி.எம்.மும் சுருங்கித்தான் போனது. ஆனால் பழைய கமராக்களையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் வாகனங்களையும் எறியாமல் வைத்திருந்தார்கள். 2023 மே மாதம் அவற்றை வைத்தே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். முதலமைச்சர் மு.க.ஸ்ராலின் திறந்துவைத்தார்.

எங்களுக்கும் ஸ்ரூடியோ இருந்தது. இலங்கைச் சினிமாத் தொழிலைக் கட்டியவர்களில் தமிழர் முன்வரிசையில் நின்றார்கள். 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கிய சேர் சிற்றம்பலம் கார்டினர் யாழ்ப்பாணத்தவர். முதற் சிங்களப் பேசும்படமான கடவுணு பொறொந்துவ 1947இல் வந்தது. அதைத் தயாரித்த எஸ்.எம்.நாயகம் மதுரைத் தமிழர், படத்தை எடுத்ததும் மதுரையில் இருந்த அவருடைய ஸ்ரூடியோவில்தான். கே.குணரத்தினம் சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனத்தை நடத்தினார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சந்தேசய படத்தை 1960இல் தயாரித்தவர் அவரே. வத்தளைக்குப் பக்கத்தில் ஹெந்தலையில் அவருக்கு விஜயா ஸ்ரூடியோ இருந்தது.

1983 ஜூலையில் அதை எரித்தார்கள். அங்கே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. தமிழனின் சொத்து என்று எரித்த இடத்தில் இருந்தவை பெரும்பாலும் சிங்களப் படங்கள். குணரத்தினம் 1989இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கோடம்பாக்கத்தில் வயதுபோன கருவிகளை ஒரு குடும்பம் துடைத்துக் கண்ணாடிக்குள் வைக்க முடிந்தது. ஹெந்தலையில் துடைக்க எதுவும் மிஞ்சவில்லை. அங்கே உருவான படங்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பழைய பத்திரிகை விளம்பரங்களையும், பார்த்தவர்களின் நினைவையும்தான் தேட வேண்டும். பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. வன்னியில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு விட்டவர்கள், மினி தியேட்டர் நடத்தியவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அப்பாவுக்கு எழுபத்தி நான்கு. தொலைந்த கொப்பியில் இருந்த படங்களின் பெயரை நினைவில் இருந்து சொல்லச் சொல்லி, பின்னேரங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 112 வந்திருக்கிறது.